காணினன்

முதற்சொல் எதுவென்று மாமி போனில் கேட்டபோது
அம்மா என்றே சொல்லிவைத்தேன்.
உண்மையில் அது "எப்பா".
சோமலதா ஊட்டிய மூன்றாவது கரண்டிப் பருப்புச் சோற்றைத்
துப்பிவிட்டுத் தலையை ஆட்டி
வேண்டாம் என்று சிங்களத்தில் சொன்னாள் ஆரணி.
வயது பத்து மாதமும் ஒன்பது நாளும்.
மின்சார பில்லின் பின்புறம் குறித்திருக்கிறேன்.

அதற்கடுத்தது "கூ".
வெள்ளவத்தையில் எங்கள் நாலாம் மாடி யன்னலுக்குக் கீழே
வீட்டுக்கும் கடலுக்கும் நடுவில் ஓடுகிற கோச்சி.
கோச்சி போனபின்னும் நீட்டிய விரலை மடக்கவில்லை,
கடலும் கூ.
விடிய நாலரைக்குத் தண்ணீர்த் தொட்டி நிரப்பும் மோட்டரும் கூ.
ஒருநாள் குக்கர் மூன்றாம் தரம் ஊதியபோது
அடுப்பையும் கடலையும் மாறி மாறிப் பார்த்தாள்,
ஒரு சொல் போதாது என்று
அப்போதுதான் தெரிந்தவள் போல.

அட்டையில் அன்னாசி, அட்டையில் ஒட்டகம்,
நான் மினக்கெட்டுச் சொல்லிக்கொடுத்த எதுவும் ஒட்டவில்லை.
ஒட்டியவை:
வாசலில் செருப்பைக் கழற்றும்போது சோமலதா விடும் "அனே",
பாண் ஓட்டோவின் பாட்டு,
போனை வைத்தபின் இவர் சொல்கிற
ஒரு கெட்ட வார்த்தை.

இரண்டரை வயதில் பிழைகள் வந்தன.
"அம்மா, நான் கப்பல் காணினன்."
கண்டன் என்று சொல்லு என்றேன்.
ஓம் என்று தலையாட்டிவிட்டு
"பெரிய கப்பல் காணினன்."
வாங்கினன், ஓடினன், தூக்கினன்
என்று நாங்கள் வீட்டுக்குள் சிந்தித் திரிந்ததை எல்லாம்
பொறுக்கியெடுத்து
தனக்கென ஒரு சட்டம் கட்டியிருக்கிறாள்.
அந்தச் சட்டப்படி காணினன் சரி. போடினன் சரி.
நாங்கள்தான் காரணம் தெரியாமல் கண்டன் என்கிறோம்.
அந்தச் சொல்லை ஒருவரும் அவளுக்குச் சொன்னதில்லை.
சமையலறைக்குள் போய்
இரண்டு தரம் வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன்.

மே மாதம். நூறாம் நம்பர் பஸ்.
ஊசி போட தெஹிவளைக்குப் போகிறோம்.
"மாமே, டிக்கட் எக்கக்!" என்று
பஸ் முழுக்கக் கேட்கச் சிங்களத்தில் கேட்டாள்.
கொண்டக்டர் சும்மா ஒரு துண்டைக் கிழித்துக் கொடுத்தான்,
முன் சீற்றில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.
பிறகு என் பக்கம் திரும்பி
காதோடு வாயை வைத்து, மூச்சளவு சத்தத்தில்,
"அம்மா, நான் யானை காணினன்."
விளம்பரப் பலகையில் ஒரு யானை
சிமெந்து விற்றுக்கொண்டு நின்றது.
ஏன் மெதுவாய்க் கதைக்கிறாய் என்றேன்,
நானும் மெதுவாய்.
"பஸ்ஸில தமிழ் இப்பிடித்தான்."

யார் சொன்னது?
நான் சொல்லவில்லை.
சத்தியமாகச் சொல்லவில்லை.
பதினேழு வயதில்
பம்பலப்பிட்டிச் சாவடியில் அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு
வாய் திறக்காமல் வீடு வரக் கற்றவள்தான்.
அதில் ஒரு வரிகூட இவளுக்குச் சொன்னதில்லை.
சாவடி நின்ற இடத்தில் இப்போது ஜூஸ் கடை,
மாதுளை நன்றாக இருக்கும்.
ஆனாலும் பஸ்ஸுக்குள் ஏறும்போதெல்லாம்
என் குரல் தானாக இறங்குவதை
மடியில் இருந்து கேட்டிருக்கிறாள்,
காணினனைக் கண்டெடுத்த அதே காதால்.
அவளுக்கு இதுவும் ஒரு விகுதி.

மூன்று தரிப்பு கடந்தது.
தொண்டையைச் செருமினேன், காற்றுத்தான் வந்தது.
தெஹிவளை மேம்பாலத்தில் பஸ் முக்கி முக்கி ஏறும்போது
எஞ்சின் இரைச்சலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு
"நானும் காணினன்!" என்றேன்.
உச்சியில் ஏறியதும் எஞ்சின் அடங்கிவிட்டது,
என் சத்தம் மட்டும் மிஞ்சியது.
குடையோடு நின்ற ஒருவர் திரும்பிப் பார்த்தார்.
பார்த்துவிட்டுத் தன் போனுக்குத் திரும்பினார்.
ஆரணி என் வாயைப் பொத்தினாள்.
கொஞ்ச நேரம் கழித்துக் கையை எடுத்து,
"கண்டன்" என்று என்னைத் திருத்தினாள்,
பாதிச் சத்தத்தில்.